நைலான் அரைஞாண்

வாங்க என் செல்லங்களா, அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் என் குரல் எட்டாது. முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி நெருங்கி வாங்க. இன்றைக்கு ராஜா ராணி கிடையாது. பாளையம்பட்டியில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அம்மா, ஒரு பிள்ளை, ஒரு நாய், அவ்வளவுதான். கேட்கக் கேட்க அந்த அம்மா மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் முழுசாகக் கேட்ட பிறகு வரட்டும்.

அந்த அம்மா பெயர் தங்கச்செல்வி. அவள் வீட்டுக்காரர் ஐயாத்துரை பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு விற்கிற கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுற்றுவட்டாரத்துப் பசுவும் எருமையும் பால் கறப்பது தன் கடைத் தீனியால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. ஒரே மகள் தீபலட்சுமி. கதை தொடங்குகிற எண்பத்தாறாம் வருசம் அவளுக்கு மூன்றரை வயது.

தீபாவுக்குக் காய்ச்சல் என்றால் வீடே நடுங்கும். உடம்பு கொதித்து ஏறும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும். கண் செருகி, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளும். இரண்டு நிமிடம்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் தங்கச்செல்வி செத்துப் பிழைப்பாள். அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் காட்டினார்கள்.

"இது காய்ச்சலுக்கு வர்ற வலிப்பும்மா. அஞ்சாறு வயசு தாண்டினா தானா நின்னுரும். காய்ச்சல் கண்டதும் மருந்து குடுங்க, ஈரத்துணியால துடைங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பயப்படாதீங்க."

அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கியது. பயப்படாதீங்க என்றது மட்டும் விளங்கவில்லை.

அந்தத் தைப்பொங்கல் முடிந்ததும் மதுரைக்கு லோடு எடுக்கப் போன ஐயாத்துரை, மடியில் ஒரு நாய்க்குட்டியோடு லாரியிலிருந்து இறங்கினார். எண்ணெய் மில்காரர் வீட்டில் பிறந்த குட்டி. வெள்ளை வெளேரென்று உடம்பெல்லாம் சடை. சடைநாய் என்போமே, அந்த ஜாதி. இரண்டு கைக்குள் அடங்குகிற அந்தக் குட்டிக்கு அவர் டைகர் என்று பேர் வைத்தார்.

பக்கத்து வீட்டு முனீஸ்வரி வந்து பார்த்தாள். "இதுவா அண்ணாச்சி குடோனுக்குக் காவலு? இதை எலி தூக்கிட்டுப் போயிரும்."

"போனா உன் வீட்டுப் பூனையை அனுப்பி மீட்டுக்கிறேன். நீ போயி உலையைப் பாரு," என்றார் ஐயாத்துரை.

குட்டி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அந்த வாரமே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தெருவே சிரித்தது. அந்தக் காலத்தில் அங்கே மாடு போகும், ஆடு போகும், கோழிகூடப் போகும். நாயை யார் கொண்டு போனார்கள்? அங்கிருந்த டாக்டர் பெயர் வீரணன். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஜீவனைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். மூக்கு நுனியில் கையை வைத்து வால் நுனி வரைக்கும் தடவிக்கொண்டே போவார். முடிக்குள் விரலை விட்டுத் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

"நம்ம வீட்டு நாய் விசயத்துல நம்ம கண்ணு நம்மளையே ஏமாத்தும் அண்ணாச்சி. தினம் பாக்கிறதுல என்ன மாறிச்சுன்னு தெரியாது. அதுக்குத்தான் வேத்தாள் கை ஒண்ணு வேணும்."

ஊசி போட்டார், பூச்சி மருந்து கொடுத்தார். ஒரு மஞ்சள் அட்டையில் அடுத்து வர வேண்டிய மாதங்களை எழுதினார்: சித்திரை, ஆடி, ஐப்பசி.

"ஒண்ணும் இல்லைன்னாலும் கொண்டு வரணுமா டாக்டர்?"

"ஒண்ணும் இல்லாதப்பத்தான் கொண்டு வரணும். ஏதாச்சும் இருந்தா நான் சொல்லாமலே ஓடி வந்துருவீங்க."

மாசியில் தீபாவுக்கு மூன்றாவது தடவையாக வலிப்பு வந்தது.

அந்த வாரம் ஒச்சம்மாள் கடைக்கு வந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. மாசம் ஒரு தடவை பஸ்ஸு ஏறி வந்து புண்ணாக்கு வாங்குவாள். சாக்கைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் பின்பக்கம் வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

"ஏந்தாயி, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?" என்றாள்.

தங்கச்செல்வி சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

"எங்க ஊர்ல இதுக்கு ஒண்ணு செய்வோம் தாயி. பிள்ளை இடுப்புல கெடக்க அரணாக்கயித்தை அவுத்து, வீட்டுல வளக்குற ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டி விட்டுருவோம். பிள்ளையைப் பிடிச்சது குட்டிக்கு மாறிரும். கயிறு தானா அத்து விழுகணும். விழுந்த அன்னைக்கே எல்லாம் போயிரும். பிள்ளைக்கு வேற புதுக்கயிறு கட்டிக்கிறலாம்."

"எங்க வீட்டுல ஆடு இல்லையே பெரியம்மா."

"உசுரு எதுவா இருந்தா என்ன? அந்தா கெடக்கே வெள்ளையா ஒண்ணு." டைகர் அப்போது தவிட்டுச் சாக்கின் மேல் மல்லாந்து படுத்திருந்தான். "ஆனா கத்தி, கத்திரிக்கோல் அதுல படக் கூடாது. தண்ணி படக் கூடாது. வீட்டு ஆம்பளைக்குச் சொல்லக் கூடாது. நடுவுல வெட்டிட்டா, போனது திரும்பிப் பிள்ளைகிட்டயே வந்துரும்."

ஒச்சம்மாளைத் திட்டாதீங்க. அவள் பொய் சொல்லவில்லை. தன் பிள்ளைகளுக்குச் செய்ததைத்தான் சொன்னாள். அவள் ஊரில் கட்டுவது பருத்தி நூல் திரித்த கயிறு. வெயிலிலும் முள்ளிலும் பட்டு ஒன்றிரண்டு மாதத்தில் இற்று விழுந்துவிடும். விழாவிட்டாலும்தான் என்ன, ஆட்டுக்குட்டிக்கு ஆயுசு எவ்வளவு? அடுத்த பொங்கலுக்குள் அது குழம்பாகிவிடும். கயிறு கட்டிய கழுத்து வளர்ந்து பெருத்தால் என்னவாகும் என்று அந்த ஊரில் யாரும் இருந்து பார்த்ததில்லை.

தீபாவின் இடுப்பில் இருந்தது பருத்திக் கயிறு இல்லை. பருத்திக் கயிறு இரண்டு தடவை அறுந்து, இரண்டு தடவையும் அதற்குப் பிறகுதான் வலிப்பு வந்தது என்று தங்கச்செல்விக்கு ஒரு நினைப்பு. அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேடிப் போய், "இழுத்துப் பாருக்கா, யானையைக் கட்டலாம்" என்று விற்ற கறுப்பு நைலான் கயிற்றை வாங்கிக் கட்டியிருந்தாள். பருத்தியால் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு நைலானைத் தேடிப் போனாள். அறாது என்று தெரிந்துதான் வாங்கினாள். அதை அவிழ்த்து நாய்க்குட்டி கழுத்தில் கட்டும்போது அந்த ஞாபகம் வரவில்லை. பயம் குடியிருக்கிற வீட்டில் ஞாபகத்துக்கு ஏது இடம்?

இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் முடிந்தாள். சடையை இழுத்து மேலே மூடினாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. குட்டி அவள் கையை நக்கியது.

பங்குனியில் தீபாவுக்குக் காய்ச்சல் அடித்தது. வலிப்பு வரவில்லை. அதோடு முடிந்தது. இனிமேல் எந்த டாக்டர் வந்து என்ன சொன்னாலும் அந்தக் கயிறுதான் அவளுக்குத் தெய்வம்.

சித்திரை வந்தது. ஐயாத்துரை மஞ்சள் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார். "ஏ செல்வி, இன்னைக்குக் கொட்டை லோடு வருது, நான் நகர முடியாது. நீ டைகரைக் காட்டிட்டு வந்துரு."

ஒயர்கூடையில் குட்டியை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். மாட்டாஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனாள். உள்ளே டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் கன்றின் கழுத்தில் நின்று, அழுத்தி, சுற்றி வந்து, மேலே நகர்ந்தன. தங்கச்செல்வி படி ஏறவில்லை. எதிரே டீக்கடையில் ஒரு பொறை வாங்கிக் குட்டிக்குக் கொடுத்தாள். அது தின்று முடிக்கிற வரை நின்றாள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். வழியில் ஒரு கல்மேல் அட்டையை வைத்து, சித்திரை என்று எழுதியிருந்ததற்கு நேரே டாக்டர் கையெழுத்து மாதிரி நீலப் பேனாவால் ஒரு சுழி சுழித்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் ஐயாத்துரை.

"நல்லா இருக்குன்னாருங்க."

புருசனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது இல்லை. சொன்னதும் வாய் கசந்த முதல் பொய் அதுதான்.

டைகர் வளர்ந்தான். நான்கு மாதத்தில் ஒயர்கூடை கொள்ளவில்லை. கழுத்தைச் சுற்றிச் சடை, மாலை போட்ட மாதிரி அடர்ந்தது. முன்பெல்லாம் வாரம் ஒரு தடவை குளிப்பாட்டுவாள். இப்போது தண்ணீர் படக் கூடாது என்று ஈரத்துணியால் முதுகை மட்டும் துடைத்தாள். ஆனி மாதம் அவன் பின்னங்காலால் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான். சொறிந்துவிட்டு ஒரு முனகல் முனகுவான். தரையில் இருக்கிற தட்டில் குனிந்து சாப்பிட அவனுக்கு முடியவில்லை. தங்கச்செல்வி ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தட்டை வைத்தாள். கழுத்தை வளைக்காமல் சாப்பிட்டான்.

இந்த இடத்தை நான் தாண்டிப் போக முடியாது, கண்ணுகளா. தெரியாமல் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற எனக்கு ஆசைதான். ஆனால் டின்னைக் கவிழ்த்துப் போட்ட கைக்குத் தெரியும். ஒன்றும் இல்லாத நாய்க்கு யாராவது தட்டை உயர்த்தி வைப்பார்களா?

ஆடி வந்தது. இந்தத் தடவை அவள் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. பாதி வழியில் திரும்பி, அட்டையில் இன்னொரு சுழி சுழித்தாள். அந்த மாதம் ஒச்சம்மாள் வந்தபோது பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.

"பெரியம்மா, கயிறு இன்னும் விழலை."

"ஆறு மாசமாச்சே தாயி. என்ன கயிறு?"

"நைலானு."

ஒச்சம்மாள் சும்மாட்டுத் துணியை எடுத்துச் சுற்றினாள். "எங்க காலத்துல அதெல்லாம் இல்லை. அது அறுமா அறாதான்னு எனக்கு என்ன தெரியும்?"

"வெட்டிரட்டுமா?"

"வெட்டுன்னு என் வாயால சொல்ல மாட்டேன் தாயி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா அந்தப் பழி எனக்கு வேணாம்." சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை.

ஆவணியில் டைகரின் குரைப்பு கம்மியது. குடோன் பக்கம் யார் போனாலும் வாயைத் திறப்பான், காற்றுத்தான் வரும். ஐயாத்துரை மூக்கைச் சுளித்தார். "என்ன செல்வி, இங்கன ஏதோ நாறுது?"

"எலி செத்துக் கெடக்கும்ங்க."

அவர் பாவம், இரண்டு நாள் மூட்டைகளை எல்லாம் புரட்டி எலியைத் தேடினார். டைகர் அவர் பின்னாலேயே நடந்து திரிந்தான். தங்கச்செல்வி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சடைக்கு மேலேயே தடவினாள். கயிற்றில் கை படாமல் தடவினாள். அவன் அசையாமல் நின்று கொடுத்தான். தடவி முடித்ததும் தலையை அவள் மடியில் வைத்துப் படுத்துக்கொண்டான். அவளைவிட்டால் அவன் எங்கே போவான்?

புரட்டாசியில் ஒரு நாள் ஐயாத்துரை மதுரைக்குப் போயிருந்தார். காலையிலேயே தீபாவுக்கு உடம்பு சுட்டது. மருந்து ஊற்றி, ஈரத்துணியால் துடைத்துப் பாயில் படுக்க வைத்தாள். டைகர் தள்ளாடி வந்து பிள்ளை பக்கத்தில் விழுந்தான். இரண்டு நாளாக அவன் சாப்பிடவில்லை. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தீபா அவன் சடைக்குள் கையை விட்டு அளைந்துகொண்டு கிடந்தாள். திடீரென்று கையை வெளியே எடுத்து விரலைப் பார்த்தாள்.

"அம்மா, டைகருக்குக் கழுத்துல இன்னொரு வாய் இருக்கு."

தங்கச்செல்வி உட்கார்ந்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சடையை விலக்கிப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரி. இந்தக் காதுக்குக் கீழே தொடங்கி அந்தக் காதுக்குக் கீழே வரை தோல் பிளந்திருந்தது. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. அது சதைக்குள் போயிருந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

இந்தப் பக்கம் கொதிக்கிற பிள்ளை. அந்தப் பக்கம் விசிலடிக்கிற மூச்சு. கயிற்றை வெட்டாவிட்டால் நாய் செத்துப்போகும். வெட்டினால், இன்றைக்கு, இந்தக் காய்ச்சலில், போனது பிள்ளைக்குத் திரும்பி வரும். அவள் நம்பியது அதுதான். நீங்கள் நம்ப வேண்டாம். அவள் எந்த இடத்தில் நின்றாள் என்று மட்டும் பாருங்கள்.

முனீஸ்வரியைக் கூப்பிட்டாள். டைகரைத் தவிடு அள்ளுகிற ஓலைக் கடகத்தில் படுக்க வைத்தார்கள்.

"பிள்ளையை எங்க வீட்டுல படுக்கப் போடு. காச்சலோட எதுக்குத் தூக்கிட்டு வாறே?" என்றாள் முனீஸ்வரி.

"இல்லைக்கா. அந்நேரம் இவ என் கையில இருக்கணும்."

எந்நேரம் என்று முனீஸ்வரிக்குப் புரியவில்லை. கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டவுன் பஸ்ஸு வந்தது. கண்டக்டர் கடகத்தை எட்டிப் பார்த்தார். "ரெண்டு பொம்பளை ஏறலாம், பிள்ளை ஏறலாம். இதை ஏத்த முடியாதுக்கா."

"டைகருன்னு பேரு. கடிக்காதுய்யா," என்றாள் முனீஸ்வரி.

"புலியா இருந்தா இன்னும் ஏத்த மாட்டேன். ரைட், போலாம்."

நடந்தே போனார்கள். தீபா அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். பிள்ளையின் சூடு சேலையைத் தாண்டித் தங்கச்செல்வியின் நெஞ்சில் சுட்டது.

டாக்டர் வீரணன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியில் கையை வைத்தார். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. கண்ணைத் திறந்தார்.

"பால்சாமி, கத்திரிக்கோலு கொண்டா. மரத்துப்போற ஊசியும் எடு."

"வெட்டாதீங்க சார்," என்றாள் தங்கச்செல்வி.

உதவியாள் பால்சாமி கையில் தட்டோடு அப்படியே நின்றார். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வலிப்பை, ஒச்சம்மாளை, நைலானை, வாசல் வரை வந்து திரும்பிப் போனதை. சொல்லிவிட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் இரண்டு சுழியையும் பார்த்தார்.

"என் கையெழுத்தைவிட அழகா இருக்கும்மா."

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கச்செல்வி குனியவில்லை. இன்னும் ஏதாவது சொல்லட்டும், அடித்தால்கூடத் தேவலை என்று நின்றாள்.

"சித்திரையில கொண்டு வந்திருந்தா ஒரு நொடி வேலை. என் விரல்ல தட்டுப்பட்டிருக்கும், எடுத்துப் போட்டிருப்பேன். ஆடியில வந்திருந்தாக்கூட லேசான புண்ணுதான். இப்ப ரொம்ப உள்ள போயிருச்சு."

"வெட்டினா பிள்ளைக்கு வந்துரும் சார்."

"வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. காய்ச்சல் அடிக்கிற பிள்ளை. வெட்டினாலும் வரலாம், வெட்டாட்டியும் வரலாம். அது காய்ச்சலைப் பொறுத்தது, கயித்தைப் பொறுத்தது இல்லை. ஆனா இது இவன் கழுத்துல இருந்தா நாளைக்கு இவன் இருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

மேசை மேல் டைகர் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வால் ஒரு தடவை மேசையில் தட்டியது.

"வெட்டுங்க," என்றாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ தாயி," என்றார் பால்சாமி.

"இல்லைண்ணே. கட்டினது நான். நான் பாக்கணும்."

பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். டாக்டர் சடையைக் கத்தரித்து ஒதுக்கினார், ஊசி போட்டார், கொஞ்ச நேரம் காத்திருந்தார். கத்திரிக்கோலின் நுனி உள்ளே போனது. பட்டென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தங்கச்செல்வி பிள்ளையின் கண்ணை, விரலை, உதட்டோரத்தை மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் இடுக்கியால் கயிற்றை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. இரண்டு சுற்று. ஒரு இழைகூட நைந்திருக்கவில்லை.

தீபா கண்ணைத் திறந்தாள். "அம்மா, தண்ணி."

அவ்வளவுதான். முனீஸ்வரி ஓடிப்போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாள். பிள்ளை குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். தங்கச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஐயாத்துரை வந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தால், கழுத்தில் கட்டோடு கிடந்த நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட மறைச்சது போகட்டும். இவன்கிட்ட எப்படி மறைச்சே? உன் மடியிலதான படுத்துக் கெடந்தான்." பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதோடு கதையை முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் கார்த்திகையில் தீபாவுக்குக் காய்ச்சல் வந்தது, வலிப்பும் வந்தது. தங்கச்செல்வி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், ஈரத்துணி போட்டாள், இரண்டு நிமிடம் பக்கத்திலேயே இருந்தாள். வலிப்பு நின்றது, பிள்ளை தூங்கினாள். அதற்கப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அவள் கை தானாகப் பிள்ளையின் இடுப்புக் கயிற்றைத் தொட்டது. கண் தானாக டைகரைத் தேடியது. அவன் மூலையில் படுத்திருந்தான். கழுத்தில் முடி முளைக்காத தழும்பு வளையம் வளையமாகத் தெரிந்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் தீபாவுக்கு வந்த கடைசி வலிப்பு.

டைகர் தேறினான். குரைப்பு மட்டும் பழையபடி வரவில்லை, கம்மிய குரல்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவனை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வேலையைத் தங்கச்செல்வி யாருக்கும் கொடுக்கவில்லை. லோடு வந்தாலும் சரி, விருந்தாள் வந்தாலும் சரி. தொண்ணூற்றொன்றாம் வருசம் அப்படி ஒரு நாளில் டாக்டரின் விரல் பின்னங்கால் இடுக்கில் நின்றது. மொச்சைக்கொட்டை அளவு ஒரு கட்டி. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் வலி இல்லை. அந்த வாரமே அறுத்து எடுத்துவிட்டார். "ஆறு மாசம் விட்டிருந்தா ஆப்பிள் அளவுக்கு வந்திருக்கும்மா, என்னால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது," என்றார். தங்கச்செல்வி அன்றைக்குச் சந்தோசப்பட்டாள் என்று சொல்ல மாட்டேன். இதே விரல் அந்தச் சித்திரையில் என்ன செய்திருக்கும் என்பது அவளுக்கு இன்னொரு தடவை தெரிந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டைகர் எல்லார் கைக்கும் கழுத்தைக் கொடுப்பான். டாக்டர், பால்சாமி, தீபா, ஐயாத்துரை, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தடவலாம். தங்கச்செல்வி சோறு வைத்தால் தின்பான், அவள் காலடியில் தூங்குவான், அவள் ஊருக்குப் போனால் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பான். ஆனால் அவள் கை கழுத்துப் பக்கம் போனால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு விலகிவிடுவான். கடிக்க மாட்டான், உறும மாட்டான். விலகிப்போய் நின்று அவள் முகத்தைப் பார்ப்பான்.

வீரணன் மாற்றலாகிப் போன பிறகு ஒரு இளவயது டாக்டர் வந்தார். தொண்ணூற்றைந்தாம் வருசம். தீபாவுக்கு அப்போது பதின்மூன்று முடிந்திருந்தது. பள்ளிக்கூட லீவு என்று அம்மாவோடு வந்திருந்தாள்.

"அம்மா, கழுத்தை லேசாப் பிடிச்சுக்கங்க. ஊசி போடணும்," என்றார் டாக்டர்.

தங்கச்செல்வி ஒரு எட்டுப் பின்னால் போனாள். தீபா முன்னால் வந்து பிடித்துக்கொண்டாள். "அம்மா பிடிச்சா இவன் நிக்க மாட்டான் சார். சின்னதுல இருந்தே அப்படித்தான். ஏன்னு தெரியலை."

டாக்டர் சடையை ஒதுக்கித் தழும்பைப் பார்த்தார். "இது என்ன, கழுத்தைச் சுத்தி?"

மகளிடம் அவள் அதுவரை சொன்னதில்லை. வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பாவைக் கேட்டால் "அம்மாகிட்டக் கேளு" என்பார். அம்மாவைக் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"நான் கட்டின கயிறு சார்," என்றாள் தங்கச்செல்வி. "எட்டு மாசம் கழட்டாம விட்டேன். இங்க கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தேன்."

தீபா திரும்பிப் பார்த்தாள். நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏம்மா? எதுக்குக் கட்டினே?"

'உனக்காகத்தான்' என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அந்தத் தழும்பில் பாதி மகள் பங்குக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருசம் சுமந்ததை இறக்கி வைக்க நல்ல இடம்தான். ஆனால் அவள் ஏற்கெனவே ஒரு தடவை ஒரு உயிரின் பாரத்தை இன்னொரு உயிரின் கழுத்தில் கட்டிப் பார்த்தவள்.

"பயந்து கட்டினேன்," என்றாள். "வேற ஒண்ணும் இல்லை."

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு முதுகை நீவினார். "வயசுக்கு நல்லா இருக்கான்மா. பல்லு மட்டும் ஒண்ணு ஆடுது, பாத்துக்குவோம். அடுத்து மாசியில கொண்டு வாங்க."

"வாரேன் சார்," என்றாள். மாசியிலும் போனாள். அவன் இருந்த வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறாமல் போனாள், கழுத்தைப் பிடிக்காமலே.

எழுந்து போங்க, என் தங்கங்களா. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால் பொழுது சாயும் முன்னே இறங்கட்டும். உங்கள் தொழுவத்திலும் வாசலிலும் வாயில்லாத ஜீவன் எது கிடந்தாலும் அது வயிறு நிறைந்து, நோய் நொடி அண்டாமல், ஆயுசு முழுக்க இருந்து தூங்கட்டும். உங்கள் வீட்டில் எந்தக் கைக்கும் எந்த உயிரும் விலகாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.